பிசிக்ஸா, கெமிஸ்ட்ரியா? கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பத்து நாட்களுக்குள் நம் பிள்ளைகளின் பதினோராம் வகுப்பு விண்ணப்பம் பூர்த்தியாகிவிடுகிறது. கல்யாணப் புடவை எடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிற நாம், பிள்ளை அடுத்த இரண்டு வருஷம் என்ன படிக்கப் போகிறது என்பதைப் பள்ளி அலுவலக ஜன்னலில் நின்றுகொண்டே முடிவு செய்துவிடுகிறோம். குமாஸ்தா படிவத்தை நீட்டுகிறார். பின்னால் வரிசை நிற்கிறது. "என்ன சார், கெமிஸ்ட்ரி வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் என்ன எடுத்தான் என்று நினைவுபடுத்திக்கொண்டு ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வருகிறோம்.

கரக்பூரிலும் சரி, ஜாம்ஷெட்பூர், நாக்பூர், கல்கத்தா என்று நம்மவர்கள் குடியேறியிருக்கும் மற்ற ஊர்களிலும் சரி, மே, ஜூன் மாதங்களில் இதே கதைதான். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பதாலும், ரயில்வேயில் இன்ஜினியராக இருந்தவன் என்பதாலும், இந்தக் கேள்வியோடு சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து நம் சங்க மலரில் எழுதினால் பலருக்கும் பயன்படுமே என்று தோன்றியது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பெரிய படிப்பாளி அல்ல. 1976-ல் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்தேன். 1982-ல் ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தேழு வருஷம் தண்டவாளத்தோடு வாழ்ந்து, 2019-ல் ஓய்வு பெற்றேன். எங்கள் காலத்தில் பௌதிகம், ரசாயனம் என்றோம். பிறகு இயற்பியல், வேதியியல் என்று நல்ல தமிழில் பெயர் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிதான். எந்தப் பெயரில் அழைத்தாலும் விஷயம் ஒன்றுதான்.

"சயன்ஸ் குரூப் என்றால் இரண்டும் சேர்ந்துதானே வரும், இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அப்படித்தான் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆனால் போர்டு விதி அவ்வளவு இறுக்கமானதல்ல. சி.பி.எஸ்.இ.யில் ஒரு மொழியும் நான்கு பாடங்களும் போதும். ஐ.எஸ்.சி.யில் ஆங்கிலம் மட்டும் கட்டாயம். அதோடு மூன்று முதல் ஐந்து பாடங்கள் வரை எடுக்கலாம். எனவே பிசிக்ஸ், கணிதம், கம்ப்யூட்டர், பொருளாதாரம் என்று எடுத்துக் கெமிஸ்ட்ரியை விட்டுவிடும் பிள்ளைகள் இப்போது உண்டு. கெமிஸ்ட்ரியையும் பயாலஜியையும் வைத்துக்கொண்டு பிசிக்ஸை எப்படியாவது கழற்றிவிட வழி உண்டா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை பாடப் பிரிவுகளுக்கு நடுவே உள்ள சுவர்கள் கூடாது என்கிறது. ஆகவே இந்தக் கேள்வி இனி அதிகமாக வருமே தவிரக் குறையாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை விஞ்ஞானம் சார்ந்த படிப்பைத்தான் நினைக்கிறது என்றால், பதினாறு வயதில், பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் விடாதீர்கள். விட்டே ஆகவேண்டும் என்றால், எந்தக் கதவு சாத்தப்படுகிறது என்று தெரிந்துகொண்டு விடுங்கள். தெரியாமல் விடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பத்தாம் வகுப்பு மார்க்கை ஏன் நம்பக் கூடாது? சி.பி.எஸ்.இ.யில் சயன்ஸ் ஒரே தாள். எழுத்துத் தேர்வு 80 மார்க். அதில் கெமிஸ்ட்ரிப் பகுதிக்கு 25, பிசிக்ஸ் பகுதிக்கு 25, மீதி 30 உயிரியலுக்கும் சுற்றுச்சூழலுக்கும். சயன்ஸில் 92 என்று மார்க் ஷீட் சொன்னால், அந்த 92 எங்கிருந்து வந்தது என்று அதில் தெரியாது. மேற்கு வங்க மாத்யமிக்கிலோ பௌதிகமும் ரசாயனமும் சேர்த்து ஒரே தாள், உயிரியல் தனித் தாள். ஐ.சி.எஸ்.இ.யில் மூன்றும் தனித்தனித் தாள் எழுதினாலும், கடைசியில் சயன்ஸ் என்று ஒரே மார்க்காகத்தான் கைக்கு வருகிறது. "என் பெண்ணுக்கு சயன்ஸ் நன்றாக வரும்" என்று நாம் சொல்வது, "என் வீட்டுச் சமையல் நன்றாக இருக்கும்" என்பது போலத்தான். சாம்பாரா, ரசமா என்று யாரும் கேட்பதில்லை.

அதற்கும் மேலே, பத்தாம் வகுப்புப் பாடத்துக்கும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்துக்கும் உள்ள தூரம் ஒரு படி அல்ல, ஒரு மாடி. பத்தாம் வகுப்பில் பிசிக்ஸ் என்றால் கண்ணாடி, லென்ஸ், கரன்ட். பதினொன்றில் வெக்டர் வருகிறது, திரிகோணமிதி தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டியிருக்கிறது, கால்குலஸ் பின்வாசல் வழியாக நுழைகிறது. கெமிஸ்ட்ரியில் முதல் பாடத்திலேயே மோல் கணக்கு. "கெமிஸ்ட்ரி மனப்பாடம், பிசிக்ஸ் கணக்கு" என்று ஒரு வசனம் நம் வீடுகளில் உலவுகிறது. அது பாதிகூட உண்மை இல்லை. வெப்ப இயக்கவியல், சமநிலை, மின்வேதியியல் எல்லாம் கெமிஸ்ட்ரிப் புத்தகத்தில்தான் இருக்கின்றன, அத்தனையும் கணக்கு. கணக்குக்குப் பயந்து பிசிக்ஸை விட்டு கெமிஸ்ட்ரிக்கு ஓடுகிற பிள்ளை, மழைக்குப் பயந்து ஓடி ஓட்டைக் கூரையின் கீழ் ஒதுங்கியது போலத்தான்.

இரண்டாவது, வாத்தியாரை வைத்து முடிவு செய்வது. ஒன்பது, பத்தில் ஒரு டீச்சர் கெமிஸ்ட்ரியை அருமையாக நடத்தியிருப்பார். பிசிக்ஸ் டீச்சர் பாதி வருஷத்தில் மாற்றலாகிப் போயிருப்பார். பிள்ளை "எனக்கு கெமிஸ்ட்ரி பிடிக்கும், பிசிக்ஸ் பிடிக்காது" என்று சொல்லும். அதற்குப் பிடித்தது பாடம் அல்ல, டீச்சர். பதினொன்றில் அந்த டீச்சர் வரப்போவதில்லை. பாடம் மட்டும்தான் கூட வரும்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்கிற அநியாயம். "பெண்ணுக்கு எதற்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி பயாலஜி போதும்" என்று படித்த தகப்பனார்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். டாக்டராக வேண்டும் என்றால் பிசிக்ஸ் வேண்டாம் என்று யார் சொன்னது? நீட் தேர்வின் 720 மார்க்கில் உயிரியலுக்கு 360, கெமிஸ்ட்ரிக்கு 180, பிசிக்ஸுக்கும் அதே 180. பயாலஜியில் எல்லாப் பிள்ளைகளும் நெருக்கமாகத்தான் மார்க் வாங்குகிறார்கள். பெரும்பாலும் ஆளைத் தள்ளுவதும் தூக்குவதும் பிசிக்ஸ்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், பதினொன்றாம் வகுப்பு ஆரம்பித்து இரண்டு மாதத்தில் பிசிக்ஸே வேண்டாம் என்று அழுதது. "அங்கிள், எனக்கு பிசிக்ஸ் மண்டையில் ஏறவில்லை" என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். விசையை இரண்டு கூறாகப் பிரிக்கும் ஒவ்வொரு கணக்கிலும் சைன் எங்கே, காஸ் எங்கே என்பதில்தான் இடறியிருந்தது. நியூட்டன் விதி அதற்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஆக, அந்தப் பெண்ணுக்கு வராதது பிசிக்ஸ் அல்ல, பத்தாம் வகுப்புத் திரிகோணமிதி. இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் அதை மட்டும் போட்டது. பாடத்தை விடவில்லை. இப்போது பி.எஸ்சி. கடைசி வருஷம். பிள்ளை "வரவில்லை" என்று சொன்னால், எங்கே வரவில்லை என்று நோட்டைத் திறந்து பாருங்கள். பல சமயம் நோய் ஓரிடத்தில், வலி வேறிடத்தில்.

இனி எனக்குத் தெரிந்த தண்டவாளத்துக்கு வருகிறேன். இரண்டு பாடங்களும் வெளியுலகில் எப்படிச் சேர்ந்தே நடக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பழைய நாளில் ரயில் வண்டி "தடக் தடக்" என்று தாளம் போட்டுக்கொண்டு போகும். 13 மீட்டருக்கு ஒரு முறை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டிருப்போம். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? வெப்பம் 40 டிகிரி கூடினால் 13 மீட்டர் தண்டவாளம் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்குத்தான் அந்த இடைவெளி. இப்போது பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே தண்டவாளமாகப் பற்றவைத்துவிடுகிறோம். தடையில்லாமல் விட்டால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் அதே 40 டிகிரிக்கு ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் நீண்டுவிடும். அப்படி நீளாமல் ஸ்லீப்பரும் ஜல்லியும் பிடித்து நிறுத்துகின்றன. அந்த அழுத்தம் முழுவதும் தண்டவாளத்துக்குள்ளேயே அடங்கி நிற்கிறது. பிடிப்பு தளர்ந்தால் மத்தியான வெயிலில் பாதை பாம்பு போல வளைந்துவிடும். இதெல்லாம் பிசிக்ஸ்.

ஆனால் அந்த இரண்டு தண்டவாளங்களைப் பாதையிலேயே வைத்துப் பற்றவைப்பது எப்படி? தெர்மிட் வெல்டிங் என்று பெயர். இரும்பு ஆக்சைடையும் அலுமினியத் தூளையும் கலந்து ஒரு மூசையில் போட்டுப் பற்றவைப்போம். அலுமினியம் இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். சில விநாடிகளில் சுமார் 2500 டிகிரி வெப்பத்தில் உருகிய உலோகம் கீழே இறங்கி இரண்டு முனைகளையும் ஒன்றாக்கிவிடும். இதில் மின்சாரமும் இல்லை, உலையும் இல்லை. பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரிப் புத்தகத்தில் இருக்கிற அதே சமன்பாடுதான். அந்தக் கலவையோ அச்சோ கொஞ்சம் ஈரம் பட்டிருந்தால் போதும், வெல்டுக்குள் வாயுக் குமிழி நின்றுவிடும். வெளியே பார்த்தால் வெல்டு பளபளவென்று இருக்கும். உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை.

உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காதுக்குக் கேட்காத ஒலியை தண்டவாளத்துக்குள் அனுப்பி, எதிரொலி எங்கிருந்து திரும்புகிறது என்று பார்க்கிறோம். மறுபடி பிசிக்ஸ். பழுது இருப்பது தெரிந்தால், ஏன் வந்தது என்று துண்டை வெட்டி லேபுக்கு அனுப்புகிறோம். அங்கே கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மறுபடி கெமிஸ்ட்ரி. ஒரே வெல்டுக்கு இரண்டு பாடமும் இப்படி மாறி மாறிக் கைகொடுக்கின்றன. மேலே போகிற பயணிக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ரயில்வே லேபில் வேலை செய்கிறவர்களுக்கு கெமிக்கல் அண்டு மெட்டலர்ஜிக்கல் அசிஸ்டென்ட் என்று பதவி. பெயரிலேயே கெமிக்கல் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு ரயில்வே தேர்வு வாரியம் கேட்கும் தகுதி என்ன தெரியுமா? பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் படித்த பி.எஸ்சி., குறைந்தது 45 சதவீதம். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்தப் பதவி இருப்பதே தெரியும்?

அடுத்து, கதவுகளைப் பற்றி. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஜே.இ.இ. மெயின் தேர்வின் மூலம் இன்ஜினியரிங் சேர, பிசிக்ஸும் கணிதமும் கட்டாயம். மூன்றாவது பாடமாக கெமிஸ்ட்ரி, பயாலஜி, பயோடெக்னாலஜி, தொழிற்கல்விப் பாடம் இவற்றில் ஒன்று இருந்தால் போதும் என்றுதான் விதி சொல்கிறது. இதைப் படித்துவிட்டு "கெமிஸ்ட்ரி தேவையில்லையாம்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் தேர்வுத் தாளில் 300-க்கு 100 மார்க் கெமிஸ்ட்ரிதான். கதவு திறந்திருக்கிறது, ஏறிப்போகப் படி இல்லை. ஐ.ஐ.டி.களில் சேர்வதற்கோ பன்னிரண்டாம் வகுப்பில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணிதம் மூன்றும் பார்க்கிறார்கள். பி.பார்ம். படிக்க பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் இரண்டும் வேண்டும். கப்பல் துறையில் மரைன் இன்ஜினியரிங் படிக்க மூன்றும் வேண்டும். ராணுவ அகாடமியான என்.டி.ஏ.வில் தரைப்படைக்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டாவது தேறியிருந்தாலும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணிதம் மூன்றையும் கேட்கிறார்கள். ஆர்க்கிடெக்சருக்குக் கணிதமும் பிசிக்ஸும் முக்கியம். கெமிஸ்ட்ரிக்குப் பதிலாக வேறு சில பாடங்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று புரியும். பிசிக்ஸை விட்டால் சாத்தப்படும் கதவுகள் அதிகம், அவை உடனே கண்ணுக்குத் தெரியும். கெமிஸ்ட்ரியை விட்டால் சாத்தப்படும் கதவுகள் குறைவு, ஆனால் இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியவரும். நம் வட்டாரத்தில் ஒரு பையன் கெமிஸ்ட்ரியை விட்டு, கம்ப்யூட்டரும் பொருளாதாரமும் எடுத்தான். நன்றாகத்தான் படித்தான். பன்னிரண்டாவது படிக்கும்போது கடற்படையில் சேர வேண்டும் என்று ஆசை வந்தது. விண்ணப்பத்தைத் திறந்தால் கெமிஸ்ட்ரி கேட்கிறது. பையன் இப்போது பி.சி.ஏ. படிக்கிறான், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதவு அவனுக்குப் பதினாறு வயதில் சாத்தப்பட்டது, சாத்தியது அவனுக்கும் தெரியாது, அவன் அப்பாவுக்கும் தெரியாது. எனக்கு வருத்தம் அதில்தான்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கென்று இரண்டு விஷயங்கள் தனியாக உண்டு.

ஒன்று, சொந்த மாநிலத்துக் கல்லூரி. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கணிதத்துக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. இங்கே படித்த தமிழ்ப் பிள்ளைகளும் பிறப்பிடச் சான்றிதழ் காட்டி அந்தக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்று பன்னிரண்டாவது ஆரம்பத்திலேயே விசாரித்து வையுங்கள். "பிள்ளையைக் கோயமுத்தூரில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாம்" என்று மனசில் ஓர் ஓரத்தில் எண்ணம் இருந்தால், அந்த 200-ல் கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் சரிசமம் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, மாற்றல். மத்திய அரசு, பாங்க், ரயில்வே, கம்பெனி என்று நம்மில் பலருக்கும் எப்போது வேண்டுமானாலும் ஊர் மாறும். பதினொன்றில் எடுத்த பாடத்தைத்தான் பன்னிரண்டிலும் தொடர வேண்டும் என்பது பொது விதி. இந்த ஊர்ப் பள்ளியில் இருக்கிற வினோதமான பாடச் சேர்க்கை அடுத்த ஊர்ப் பள்ளியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணிதம் என்றால் எந்த ஊரிலும் வகுப்பு இருக்கும். அடிக்கடி பெட்டி கட்டுகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். "பிள்ளைகள் சுமை தாங்காமல் திணறுகின்றன. காலையில் பள்ளி, மாலையில் கோச்சிங், ராத்திரி அசைன்மென்ட். ஒரு பாடமாவது குறையட்டுமே" என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் சுமை பாடத்தால் வருவதா, கோச்சிங்கால் வருவதா என்று யோசிக்க வேண்டும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டையும் போர்டு தேர்வுக்கு ஒழுங்காகப் படிக்கிற சுமையை நம் பிள்ளைகள் தாங்கும். சி.பி.எஸ்.இ.யில் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. முதுகை ஒடிப்பது பன்னிரண்டு மணி நேர ஓட்டம்தான். குறைக்க வேண்டும் என்றால் அங்கே குறையுங்கள். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு எழுதாமலே பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்று. பிள்ளைக்கு நிஜமாகவே பொருளாதாரத்திலோ சரித்திரத்திலோ கணக்குப்பதிவியலிலோ நாட்டம் இருந்தால், தாராளமாக விஞ்ஞானத்தையே விட்டுவிடட்டும். அதில் குறைவு ஒன்றும் இல்லை. வக்கீலும் ஆடிட்டரும் பத்திரிகையாளரும் நமக்கு வேண்டாமா? "சயன்ஸ் எடுக்காத பிள்ளை மக்கு" என்ற எண்ணம் நம் சமூகத்தில் இன்னும் போகவில்லை. அந்த எண்ணத்துக்குப் பயந்துதான் பலர் விஞ்ஞானத்தில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக நிற்கிறார்கள். கம்ப்யூட்டர்தான் என்று தீர்மானமாக இருக்கிற பிள்ளை பி.சி.ஏ., பி.எஸ்சி. என்று போக நினைத்து, தெரிந்தே கெமிஸ்ட்ரியை விடுகிறது என்றால் அதையும் நான் தடுக்க மாட்டேன். கண்ணைத் திறந்துகொண்டு விட்டால் சரி.

அப்படியானால் வீட்டில் எப்படி முடிவு செய்வது? எனக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. பைசா செலவில்லை. தெரிந்த சீனியர் மாணவரிடமிருந்து பதினோராம் வகுப்பு என்.சி.ஆர்.டி. புத்தகங்கள் இரண்டையும் ஒரு வாரம் இரவல் வாங்குங்கள். கெமிஸ்ட்ரியில் முதல் பாடம், மோல் கணக்கு வருகிற இடம். பிசிக்ஸில் நேர்கோட்டு இயக்கம். பிள்ளை மூன்று நாள் ஒன்று, மூன்று நாள் மற்றொன்று என்று தானாகப் படிக்கட்டும். பாடக் கடைசியில் உள்ள கணக்கில் ஐந்தைந்து போடட்டும். எத்தனை சரியாக வந்தது என்று எண்ண வேண்டாம். விடை தப்பானபோது எந்தப் பாடத்தில் பிள்ளை மறுபடி போட்டுப் பார்க்கிறது, எந்தப் பாடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். மார்க் ஷீட் சொல்லாததை அந்த ஒரு வாரம் சொல்லிவிடும்.

அந்த வாரத்தில் பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பிள்ளை போக நினைக்கிற மூன்று நான்கு படிப்புகளின் தகுதி விதிகளை, அந்தந்த நிறுவனத்தின் இந்த வருஷத்து அறிவிப்பிலேயே படித்துப் பாருங்கள். சித்தப்பா சொன்னார், டியூஷன் சார் சொன்னார் என்று விடாதீர்கள். விதிகள் வருஷா வருஷம் மாறுகின்றன. நான் மேலே எழுதியதையும்கூட ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது.

கடைசியாக, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் இரண்டு எதிரி நாடுகள் அல்ல என்பதற்கு நம்மவர்கள் இருவரைச் சொல்கிறேன். சி.வி. ராமன் 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்து சேர்ந்தவர். அலுவலக நேரம் போக மற்ற நேரத்தில் பௌ பஜாரில் இருந்த விஞ்ஞான சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்தார். 1928-ல் அவர் கண்டுபிடித்தது ஒளியைப் பற்றிய பிசிக்ஸ். 1930-ல் கிடைத்த நோபல் பரிசும் பிசிக்ஸுக்குத்தான். ஆனால் இன்று அந்த ராமன் விளைவை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களில் கெமிஸ்ட்ரிக்காரர்கள் ஏராளம். ஒரு பொருளில் என்ன மூலக்கூறு இருக்கிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் 1952-ல் பிறந்து, சின்ன வயதிலேயே பரோடாவுக்குப் போய், நம் பிள்ளைகளைப் போல வெளிமாநிலத்தில் வளர்ந்தவர். பரோடாவில் பி.எஸ்சி. படித்தது பிசிக்ஸ். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கியதும் பிசிக்ஸில். பிறகு உயிரியல் பக்கம் திரும்பி, மறுபடி மாணவராக உட்கார்ந்து படித்தார். 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது கெமிஸ்ட்ரியில்! நம் பிள்ளைகள் எல்லோரும் நோபல் வாங்கப் போவதில்லை. ஆனால் இருபது வயதில் பாதை மாற விரும்பினால் மாறுவதற்கு ஒரு வழி இருக்க வேண்டாமா? அந்த வழியைப் பதினாறு வயதில் நாமே அடைத்துவிடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நம் சங்கத்தில் இன்ஜினியர்கள், ஆசிரியர்கள், டாக்டர்கள், லேபில் வேலை செய்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறோம். பொங்கல் விழாவுக்கும் ஆடிப்பெருக்கு சித்திரான்னத்துக்கும் கூடுகிற நாம், ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் இரண்டு மணி நேரம் கூடி உட்கார்ந்தால், பத்தாவது முடித்த பிள்ளைகள் நேரில் வந்து கேட்கலாம். காரியக் கமிட்டி இதை யோசிக்க வேண்டும். நான் என் பங்குக்கு இரண்டு என்.சி.ஆர்.டி. புத்தகங்களோடு வந்து உட்காரத் தயார். தேநீர் செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டால் போதும்.